எல்லாப் பெற்றோருக்கும் ஒரே தொலைபேசி இலக்கம்: 2147483647 பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் ஒரு வீட்டு மேல்மாடியில் தரம் 9 இலிருந்து சாதாரண தரம் வரை கணிதம் படிப்பிக்கிறேன். மாதக் கட்டணப் பதிவுக்கென்று தெரிந்த ஒருவரிடம் சின்ன மென்பொருள் ஒன்று செய்வித்திருந்தோம். பெற்றோரின் தொலைபேசி இலக்கங்களை, முன்னுக்கு 94 உம் சேர்த்து, ஒரு ஞாயிறு பின்னேரம் முழுக்க இருந்து தட்டினேன். பட்டியலை அச்செடுத்து, சரிபார்க்கச் சொல்லிப் பிள்ளைகளிடம் கொடுத்தபோதுதான் சிரிப்புச் சத்தம் கேட்டது. நாற்பத்தொரு பிள்ளைக்கும் ஒரே இலக்கம்: 2147483647.

அன்றிலிருந்து பிள்ளைகள், தாய்மார், கீழ்வீட்டு ஐயா என்று இந்த எண்ணைப் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்துப்போய் இதை எழுதிவைக்கிறேன். முன்பாதி எல்லாருக்கும் பொருந்தும். பின்பாதி கணக்கில் ருசி கண்டவர்களுக்கு. முன்பாதியோடு எழும்பிப் போகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

"மிஸ், இது ஆருடைய நம்பர்? அடிச்சுப் பாக்கவா?"

அடிக்கவேண்டாம். நம் பெற்றோர் எவருடையதும் இல்லை. நான் தட்டிய இலக்கம் 9477 என்று தொடங்கும் பதினொரு இலக்க எண். அதை ஒரு சாதாரண எண்ணாக வாசித்தால் 9,400 கோடிக்கும் மேலே போகும். மென்பொருளில் அதற்கென்று ஒதுக்கிய பெட்டிக்குள் அவ்வளவு பெரிய எண் அடங்காது. அடங்காததைக் கண்டதும் அந்த மென்பொருள் ஒரு பிழைச்செய்தியும் காட்டாமல், தன்னிடம் இருந்த மிகப் பெரிய எண்ணை வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டது. நாற்பத்தொரு தடவையும் அதேதான்.

அமெரிக்காவில் 214 என்பது டலஸ் நகரத்தின் பிரதேசக் குறியீடு. அதனால் அந்த நாட்டுப் பட்டியல்களில் இந்தப் பத்து இலக்கங்களும் தற்செயலாக உண்மையான தொலைபேசி இலக்கம் போலவே தோற்றமளிக்கும். அங்கே இதே பிழை நடந்தால் கண்டுபிடிக்க இன்னும் நாள் எடுக்கும்.

"இதை எப்பிடி வாசிக்கிறது? மில்லியனிலயா கோடியிலயா?"

இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு இலட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. வங்கிக்காரர் மாதிரிச் சொல்வதென்றால் இரண்டு பில்லியன் 147 மில்லியன், அப்புறம் சில்லறை. செக்கனுக்கு ஒன்று என்று இரவு பகல் பாராமல் எண்ணினால் 68 வருடம் பிடிக்கும். இந்த 68 வருடக் கதை கீழே திரும்பவும் வரும்.

"ஏன் இந்த அந்தரமான இடத்தில நிக்குது? இருநூறு கோடி எண்டு வட்டமா வைச்சிருக்கலாமே?"

நமக்குத்தான் இது அந்தரம், கணினிக்கு இதைவிட வட்டமான எண் இல்லை. மூன்று சுவிட்ச் இருக்கிற பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஒன்றில் அணைந்திருக்கும், இல்லாவிட்டால் எரியும். முதலாவதுக்கு மதிப்பு 1, அடுத்ததுக்கு 2, அதற்கடுத்ததுக்கு 4. மூன்றையும் போட்டால் 1 + 2 + 4 = 7. அதாவது 2³ இல் ஒன்று குறைவு. மூன்று இலக்கத்தில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 1000 அல்ல, 999 என்பது மாதிரித்தான்.

அந்தப் பெட்டியில் 32 சுவிட்ச் (கணினிக்காரர் ஒவ்வொன்றையும் ஒரு பிட் என்பார்கள்). ஒன்று நேர் எண்ணா மறை எண்ணா என்று காட்டப் போய்விடுகிறது. மீதி 31. அவ்வளவையும் போட்டால் 2³¹ − 1, அதாவது 2147483647. துவிதத்தில், அதாவது 0 உம் 1 உம் மட்டும் கொண்டு எழுதினால் வரிசையாக முப்பத்தொரு 1. வேறொன்றும் இல்லை.

"94 போடாம 077 எண்டே அடிச்சிருந்தா தப்பியிருக்கலாமோ?"

பாதி தப்பியிருக்கலாம். முன்னால் வரும் 0 க்கு எண்ணில் மதிப்பில்லை. அது விழுந்து, 77 இல் தொடங்கும் ஒன்பது இலக்கம் மிஞ்சும். அது 77 கோடிச் சொச்சம், பெட்டிக்குள் அடங்கும். ஆனால் 0 போய்விட்டதே.

இதே பொறி அடையாள அட்டையிலும் இருக்கிறது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். அந்த ஒன்பது இலக்கம் எப்படிப் பார்த்தாலும் 100 கோடியைத் தாண்டாது. புதிய அட்டையில் பிறந்த வருடத்தையும் சேர்த்துப் பன்னிரண்டு இலக்கம், அடங்கவே அடங்காது. தொலைபேசி இலக்கமும் அடையாள அட்டை இலக்கமும் பார்வைக்குத்தான் எண். அவற்றை யாரும் கூட்டுவதுமில்லை, பெருக்குவதுமில்லை. எழுத்தாகப் பதிந்தால் ஒரு கரைச்சலும் இல்லை.

"எக்செல்ல 9.48E+10 எண்டு வாறதும் இதுதானா?"

இல்லை. அங்கே எண் பத்திரமாக இருக்கிறது, காட்டுகிற விதம்தான் சுருங்கிவிட்டது. கட்டத்தின் வடிவமைப்பை மாற்றினால் முழுதும் தெரியும். எங்களுடைய பட்டியலில் எண்ணே போய்விட்டது. நாற்பத்தொரு வெவ்வேறு எண்கள் ஒரே எண்ணாகிவிட்டால், அதிலிருந்து எது எது என்று பிரித்தெடுக்க எந்தக் கெட்டிக்காரனாலும் முடியாது. திரும்பவும் தட்டினேன்.

"பெட்டி நிரம்பின பிறகு இன்னும் ஒண்டு கூட்டினா?"

சில மென்பொருள்கள் முதலாவது பதிலில் சொன்னதுபோல எல்லையிலேயே நின்றுவிடும். சில பிழை காட்டி மறுக்கும், அதுதான் நல்ல பழக்கம். வேறு சிலவற்றில் விசித்திரமான காரியம் நடக்கும்: பழைய வாகனங்களின் மைல்மீட்டர் 99999 க்குப் பிறகு 00000 க்குப் போவதுபோல, இங்கே அடுத்த எண் −2147483648 ஆகிவிடும். உச்சியிலிருந்து ஓரடி எடுத்துவைத்தால் அதலபாதாளம்.

2014 டிசம்பரில் யூடியூபில் 'கங்னம் ஸ்டைல்' பாட்டைப் பார்த்தோர் கணக்கு இந்த எல்லையைத் தாண்டியது. அந்தக் கணக்கை 64 பிட்டுக்கு மாற்றியிருப்பதாக அறிவித்தார்கள். காசைச் சதத்தில் கணக்கு வைக்கிற மென்பொருள் இந்தப் பெட்டியைப் பாவித்தால் எல்லை 2 கோடியே 14 இலட்சத்து 74 ஆயிரத்து 836 ரூபா 47 சதம். எங்கள் ஒழுங்கையில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு விலை கேட்டாலே அது உடைந்துவிடக்கூடும்.

"2038 இல கொம்பியூட்டர் எல்லாம் நிண்டுபோகுமாமே, மெய்யா?"

எல்லாம் நிற்காது. விஷயம் இதுதான்: பல கணினிகள் நேரத்தை, 1970 ஜனவரி 1 கிரீன்விச் நள்ளிரவிலிருந்து எத்தனை செக்கன் போயிருக்கிறது என்று ஒரே எண்ணாக வைத்திருக்கின்றன. அந்த எண் நம்முடைய 32 பிட் பெட்டியில் இருந்தால், 68 வருடத்தில் நிரம்பும். நாளும் நேரமும் துல்லியமாகத் தெரியும்: 2038 ஜனவரி 19, கிரீன்விச் நேரம் அதிகாலை 3:14:07. கொழும்பில் செவ்வாய்க்கிழமை காலை 8:44:07. காலி வீதியில் அலுவலகம் போகிற கூட்டம் பஸ்ஸுக்குள் நெரிபடுகிற நேரம். அடுத்த செக்கனில், திருத்தப்படாத கணினி கிரீன்விச் நேரப்படி 1901 டிசம்பர் 13 என்று காட்டும்.

இப்போதைய போன்களும் கணினிகளும் பெரும்பாலும் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. அந்தப் பெட்டி நிரம்ப ஏறத்தாழ 29,200 கோடி வருடம் எடுக்கும். யாரும் திறந்து பார்க்காத பழைய இயந்திரங்களுக்குள் இருக்கிற கணினிச் சில்லுகள்தான் கவலை.

கீழ்வீட்டு ஐயா இதைக் கேட்டுவிட்டு, "8:44 பழைய நேரமோ புதுநேரமோ பிள்ளை?" என்றார். சிரித்தாலும் கேள்வி நியாயமானது. 1996 மே மாதத்தில் இலங்கை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, ஒக்டோபரில் அரை மணி பின்னே எடுத்து, 2006 ஏப்ரலில்தான் பழையபடி கொண்டுவந்தார்கள். அந்தப் பத்து வருடமும் நல்லநேரம் பார்க்கிற வீடுகளில் இரண்டு மணிக்கூடு ஓடியது. 2038 வரை யாரும் கை வைக்காவிட்டால் 8:44:07 தான் ஐயா.

"கூட்டினா 1 வருதே. ராசியான எண்ணோ?"

2 + 1 + 4 + 7 + 4 + 8 + 3 + 6 + 4 + 7 = 46. 4 + 6 = 10. 1 + 0 = 1. எண்சாத்திரக்காரர் 1 ஐச் சூரியனுக்குக் கொடுப்பார்கள். பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர் இலக்கச் சுட்டி, அது சொல்வது ஒன்றே ஒன்று: இந்த எண்ணை 9 ஆல் வகுத்தால் மீதி 1. வாகன இலக்கம் தெரிவு செய்ய இதை நம்பவேண்டாம். ஆனால் அடுத்த கேள்விக்கு இந்த 1 உதவும்.

"இது முதன்மை எண் எண்டு சொல்றீங்க. இவ்வளவு பெரிய எண்ணுக்கு ஒரு காரணிகூடவா இல்லை?"

1 உம் அதுவும் தவிர ஒன்றும் இல்லை. வகுத்துப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். 2 ஆல் வகுத்தால் மீதி 1. 3 ஆல் மீதி 1. 7 ஆல், 9 ஆல், 11 ஆல், 31 ஆல், இவை எல்லாவற்றாலும் மீதி 1. வகுப்பில் ஒரு பிள்ளை, "மிஸ், ஒவ்வொரு முறையும் ஒண்டாலதான் தப்புது" என்றாள். அவள் சொன்னது சரி. ஒன்றைக் கழித்துவிட்டால் வருகிற 2147483646 சுக்குநூறாகிவிடும்:

2147483646 = 2 × 3 × 3 × 7 × 11 × 31 × 151 × 331

அந்தப் பக்கத்து அயலவர் 2147483648 இன்னும் இலகு: முப்பத்தொரு 2 களைப் பெருக்கினால் வருவது. இடப்பக்கமும் வலப்பக்கமும் இருப்பவர்கள் தொட்டால் உதிர்கிறார்கள், நடுவில் இருப்பவரை அசைக்க முடியாது. இந்த எண்ணைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

"அப்ப 2 இன் வலுவில 1 கழிச்சா முதன்மை எண் வரும் எண்டு சோதனையில எழுதலாமா?"

எழுதினால் பிழை போடுவேன். சுட்டி, அதாவது 2 இன் தலைக்கு மேல் எழுதுகிற எண், சேர்த்தி எண்ணாக (காரணிகளாகப் பிரியக்கூடியதாக) இருந்தால் உறுதியாக வராது. 2¹⁵ − 1 ஐத் துவிதத்தில் எழுதினால் பதினைந்து 1. அவற்றை மும்மூன்றாகப் பிரித்தால் 111 என்று ஐந்து கூட்டம். 111 என்பது 7. ஆகவே முழு எண்ணையும் 7 வகுக்கும்: 32767 = 7 × 31 × 151. எண்ணத் தெரிந்தாலே போதும், வகுக்கத் தேவையில்லை.

சுட்டி முதன்மை எண்ணாக இருந்தாலும் உத்தரவாதம் கிடையாது. 11 முதன்மை எண்தான். ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. இதில் பெரியவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். இத்தாலியின் கட்டால்டி 1603 இல் 23, 29, 31, 37 நான்கு சுட்டிகளும் முதன்மை எண் தரும் என்றார். 31 மட்டும் சரி. பிரான்சின் மெர்சென் துறவி 1644 இல் 257 வரைக்கும் ஒரு பட்டியல் போட்டார். அதில் 67 உம் 257 உம் தவறு, 61, 89, 107 மூன்றும் விடுபட்டுவிட்டன. இருந்தும் இந்த வகை எண்களுக்கு மெர்சென் எண்கள் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"கணினி இல்லாத காலத்தில இதை எப்பிடி நிறுவினவை?"

கையால். 1772 இல் கணித மேதை ஒயிலர் நிறுவினார், அப்போது அவருக்குக் கண்பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்த்தால் போதும் என்பது தரம் 8 பிள்ளைக்கும் தெரியும். இங்கே வர்க்கமூலம் 46,340 ஐச் சற்றுத் தாண்டும். அதற்குள் நாலாயிரத்துக்கு மேற்பட்ட முதன்மை எண்கள் இருக்கின்றன. அத்தனையாலும் வகுக்க யாருக்குப் பொறுமை?

மேலே பார்த்த 2047 இன் காரணிகளைக் கவனியுங்கள். 23 = 22 + 1. 89 = 88 + 1. இரண்டையும் 22 ஆல், அதாவது சுட்டி 11 இன் இருமடங்கால் வகுத்தால் மீதி 1. இது தற்செயல் அல்ல. சுட்டி 2 ஐவிடப் பெரிய முதன்மை எண்ணாக இருக்கும்வரை எப்போதும் அப்படித்தான். எங்கள் எண்ணுக்குச் சுட்டி 31, ஆகவே காரணி இருந்தால் அதை 62 ஆல் வகுக்க மீதி 1 வரவேண்டும். அதோடு 8 ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 வரவேண்டும் என்பது இன்னொரு விதி. இரண்டையும் சேர்த்தால், 248 ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63 தரும் எண்களை மட்டும் சோதித்தால் போதும். 311 ஐப் பார்க்கவேண்டும் (வகுத்துப் பார்த்தேன், மீதி 35). 313 ஐத் தொடவே தேவையில்லை. இப்படிச் சலித்தால் அதிகபட்சம் 372 வகுத்தல்தான் மிஞ்சும். ஒரு கொப்பியும் இரண்டு கிழமையும் இருந்தால் நாமும் செய்யலாம்.

"முதன்மை எண் எண்டபடியாத்தானே கொம்பியூட்டர்காரர் இதைத் தெரிவு செய்தவை?"

அதிகம் கேட்கப்படுவதும் அதிகம் தவறாகச் சொல்லப்படுவதும் இதுதான். இல்லை. எல்லை இங்கே விழுந்தது 31 சுவிட்ச் இருப்பதால். முதன்மை எண்ணாக இருப்பது தனிக் கதை. 16 பிட் பெட்டியின் எல்லை 32767, அது 7 ஆல் வகுபடுவதை மேலேயே பார்த்தோம். 64 பிட் பெட்டியின் எல்லை 9223372036854775807, அதாவது 2⁶³ − 1. அறுபத்துமூன்று 1 களையும் மும்மூன்றாகப் பிரியுங்கள், அதுவும் 7 ஆல் வகுபடும். மூன்று பெட்டியில் ஒன்றுக்கு மட்டும் அதிர்ஷ்டம் அடித்திருக்கிறது.

"நிறைவெண்ணுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

தன்னைத் தவிர்ந்த காரணிகளைக் கூட்டினால் தானே வருகிற எண் நிறைவெண். 28 க்கு 1 + 2 + 4 + 7 + 14 = 28. இப்படி எழுதிப் பாருங்கள்: 6 = 2 × 3, 28 = 4 × 7, 496 = 16 × 31, 8128 = 64 × 127. வலப்பக்கம் எல்லாம் மெர்சென் முதன்மை எண்கள். எங்கள் எண் அந்த வரிசையில் எட்டாவது. அதை 2³⁰ ஆல் பெருக்கினால் 2305843008139952128, எட்டாவது நிறைவெண். 1 இலிருந்து 2147483647 வரைக்கும் எல்லா எண்களையும் கூட்டினாலும் இதே விடைதான். முக்கோண எண்ணுக்கான சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால் ஏன் என்று உடனே புரியும்.

"இதெல்லாம் படிச்சு என்ன பிரயோசனம் மிஸ்?"

1811 இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயரும் இப்படித்தான் எழுதினார். இந்த நிறைவெண்ணைவிடப் பெரியதொன்று கண்டுபிடிக்கப்படவே போவதில்லை, வெறும் புதினத்துக்காகத் தேடுகிற இந்த எண்களால் பயன் இல்லாததால் யாரும் மினக்கெடமாட்டார்கள் என்றார். 1876 இல் லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர் 2¹²⁷ − 1 முதன்மை எண் என்று காட்டினார், அது 39 இலக்கம். 2024 இல் கண்டுபிடித்த மெர்சென் முதன்மை எண்ணுக்கு நான்கு கோடிக்கு மேல் இலக்கங்கள். மினக்கெட ஆட்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள்.

பயனும் இருக்கிறது. கணினி விளையாட்டில் தாயக்கட்டை உருட்ட எழுமாற்று எண்கள் வேண்டும். 1988 இல் பார்க், மில்லர் என்ற இருவர் பரிந்துரைத்த முறை இது: ஓர் எண்ணை 16807 ஆல் பெருக்கு, 2147483647 ஆல் வகு, மீதியை எடு, அதையே திரும்பப் பெருக்கு. 1 இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073 என்று தாறுமாறாகப் பாயும். 1 இலிருந்து 2147483646 வரை ஒவ்வோர் எண்ணையும் ஒருமுறை தொட்ட பிறகுதான் தொடக்கத்துக்குத் திரும்பும். இந்த வித்தை நடப்பது வகுக்கும் எண் முதன்மை எண்ணாக இருப்பதால்தான். எல்லைக்குத் தேவைப்படாத குணம் இங்கே தேவைப்படுகிறது.

"சுட்டி 31 ஏ 2⁵ − 1 தானே. அப்ப 2147483647 ஐச் சுட்டியா வைச்சா இன்னுமொரு முதன்மை எண் வருமோ?"

சாதாரண தரத்துக்கு இருக்கிற ஒரு பிள்ளை கேட்டது. அன்று பாடம் நடக்கவில்லை. ஆசை நியாயமானது: 2³ − 1 = 7, 2⁷ − 1 = 127, 2³¹ − 1, 2¹²⁷ − 1 என்று, மெர்சென் முதன்மை எண்ணையே சுட்டியாக்கிய இடங்கள் இருக்கின்றன, நான்கும் முதன்மை எண்கள். 2 ஐ 2147483647 தடவை பெருக்கி 1 கழித்தால் வருகிற எண்ணுக்கு 64 கோடிக்கு மேல் இலக்கங்கள். எழுத முடியாது, வகுத்துப் பார்க்கவும் முடியாது என்றுதான் தோன்றும்.

ஆனால் அது முதன்மை எண் அல்ல. 1983 இல் ஒரு காரணி கண்டுபிடிக்கப்பட்டது: 295257526626031. பதினைந்தே இலக்கம். ஒயிலர் பகுதியில் சொன்ன விதி ஞாபகம் இருக்கிறதா, சுட்டியின் இருமடங்கால் வகுத்தால் மீதி 1 வரவேண்டும் என்று? அதைப் பலகையில் பார்த்தோம். நான் சுட்டியை இரட்டித்து 4294967294 என்று எழுதினேன், அவன் அதை 68745 ஆல் நீள்பெருக்கல் செய்தான். கணிப்பான் கேட்கவில்லை. பலகை முடிந்து சுவரில் இரண்டு வரி எழுதவேண்டியிருந்தது. விடை 295257526626030. ஒன்றைக் கூட்டிவிட்டுச் சோக்கைக் கீழே வைத்தான்.